மிசினுக்கும் ஒருக்காப் பன்னீர்

எங்கள் ஊரில் ஒரு பொருள் வேலை செய்கிறதா இல்லையா என்பதைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை கிடையாது. அதற்குரிய மரியாதை நடந்ததா என்பதுதான் கவலை. புது மோட்டார் சைக்கிள் வந்தால் ஓடிப் பார்க்க முதல் மாலை போடுவோம். புது வள்ளம் இறக்கினால் அது மிதக்குமா என்று பார்க்க முதல் தேவாலயச் சுவாமியைக் கூப்பிட்டு மந்திரிப்போம். தண்ணீர் இறைக்கிற மோட்டருக்குப் பூ வைக்கிற வீடுகள்கூட எனக்குத் தெரியும். இதெல்லாம் அழகான பழக்கம் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த மரியாதையால்தான் என் அண்ணையின் பெயர் ஒரு காலைப்பொழுதில் கெட்டது. கெடுத்தது நான் செய்த மிசின். (எந்த ஊர், எந்தப் பங்கு என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணக் கரையோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் அங்கேதான் ஞாயிறு பூசைக்குப் போகவேண்டும்.)

அப்போது நான் கம்பசில் மேற்படிப்புச் செய்துகொண்டிருந்தேன். என் ஆராய்ச்சி டைட்டானியம் டைஒக்சைட் நனோ குழாய்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வெள்ளைப் பெயின்டை வெள்ளையாக வைத்திருப்பது இந்த டைட்டானியம் டைஒக்சைட்தான். டைட்டானியத் தகடு ஒன்றைச் சரியான கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் முளைக்கும். பெட்டியில் அடுக்கிய சோடாப் போத்தல்களைப் போல, அடி மூடி, வாய் திறந்து, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பிறகு உலையில் வைத்துச் சுட்டு எடுக்க வேண்டும். சுடும்போது கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. எங்கள் பக்கத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அந்த நாட்களில் நான் அழுததைவிடத் திட்டியது அதிகம்.

இந்தக் குழாய்கள் வாயுவை அறியும். காற்றிலுள்ள ஒட்சிசன் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மின்சாரம் இலகுவாக ஓடாமல் மறித்துக்கொண்டு நிற்கும். மீன் பழுதாகும்போது அமோனியா மாதிரியான வாயுக்கள் கிளம்பும். அவை குழாய்க்குள் நுழைந்தால் அந்த ஒட்சிசனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மறிப்பு விலகும், மின்சாரம் கூட ஓடும். கூட ஓடினால் மீன் பழுது. இவ்வளவுதான் விஷயம். இதில் ஒரேயொரு குறை. உள்ளே வந்தது யார் என்று அது பெயர் கேட்காது. அமோனியா வந்தாலும் ஓட்டம் கூடும், மதுசாரம், அதாவது அல்ககோல், வந்தாலும் கூடும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். தீர்ந்துவிட்டது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னது அண்ணை.

என் அண்ணை யூட் கடற்றொழிலாளி. அப்பாவுக்குப் பிறகு வள்ளமும் அவர்தான், வீடும் அவர்தான். நான் கம்பசுக்குப் போன பஸ் காசும் அவருடைய வலையிலிருந்து வந்ததுதான். அவருக்கு இருந்த ஒரே வயிற்றெரிச்சல் கரையில் மீன் எடுக்கிற முதலாளி. அவர் வைத்ததுதான் விலை. அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கம்பனி ஒன்று எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்திடம் நேரடியாக மீன் வாங்க வருவதாகப் பேச்சு வந்தது. கம்பனிக்காரருக்கு ஒரு சந்தேகம் மட்டும். மீன் கொழும்பு போய்ச் சேருமட்டும் தரமாக இருக்குமா? உடனே அண்ணை கூட்டத்தில் எழும்பியிருக்கிறார்.

“என்ரை தங்கச்சி கம்பசிலை மீன் மணந்து பாக்கிற மிசின் செய்யிறாள். நீங்கள் என்ரை வாயை நம்ப வேண்டாம். அவளின்ரை மிசின் சொல்லும்.”

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. அதோடு நிற்கவில்லை. அன்று பின்னேரமே முதலாளியிடம் போய், “இனி என்ரை மீனிலை ஒரு செதிலும் உமக்கில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார். பாலத்தைக் கடக்க முதலே உடைத்துவிட்டு வந்து, எனக்கு நல்ல செய்தி சொல்வது போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

“அண்ணை, அது இன்னும் முடியேல்லை.”

“முடிக்கிறதுக்குத்தானே உன்னைப் படிப்பிச்சது?”

எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிடக் கூடுதலாகப் பெருமை வந்தது. பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. நான் ஒத்துக்கொண்டேன். ஒரு சாப்பாட்டுப் பெட்டியைத் துளைத்து, உள்ளே என் தகட்டையும், அதைச் சூடாக்க ஒரு சின்னக் கம்பிச் சுருளையும், காற்றை உறிஞ்ச ஒரு விசிறியையும் வைத்தேன். வெளியே ஒரு பச்சை லைட், ஒரு சிவப்பு லைட். சபைக்குக் கேட்கட்டும் என்று, வான் பின்னுக்கு எடுக்கும்போது கீ கீ என்று கத்துமே, அந்தப் பஸ்ஸரையும் வாங்கிப் பொருத்தினேன். (என் வாழ்க்கையில் நான் வாங்கிய பொருட்களிலேயே நான் மிகவும் வெறுக்கிற பொருள் அது.)

எனக்குத் தேவைப்பட்டது ஒரு மேசை, ஒரு நல்ல மீன், ஒரு பழுது மீன், ஐந்து நிமிடம். சங்கத் தலைவர் அதை விழாவாக்கினார். வாசிகசாலை மண்டபத்தில் பந்தல், பனர், பிரதம விருந்தினராகக் கொழும்புக் கம்பனிக்காரர், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. உரைகள் முடிய முதல் மீன் நாறிவிடும் என்று சொன்னேன். “ஐஸ் கூடப் போடுவம் பிள்ளை” என்றார்.

நான் கட்டளைகள் போட்டேன். மண்டபத்தில் ஊதுபத்தி கூடாது. சாம்பிராணி கூடாது. சிகரெட் கூடாது. கதவுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “அப்ப வெடி கொளுத்தலாந்தானே?” என்று கேட்டார். அன்றைக்கே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

எனக்கு உண்மையான பயம் சுவாமி விஷயத்தில்தான். புது மிசின் என்றால் தூபம் காட்டி, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதுதான் எங்கள் வழக்கம். சூடான தகட்டில் தண்ணீர் பட்டால் கதை முடிந்தது. ஆனபடியால் முதல் நாளே சுவாமி தங்குகிற அறைவீட்டுக்குப் போய் அவரோடு ஒரு மூச்சு வாதாடினேன். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் தூர நிண்டு கையை மட்டும் உயர்த்துறன், காணுமோ?” என்றார். வாசலில் வந்து நின்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பெரிய கோட்டையைப் பிடித்த நினைப்பு. கோட்டைக்குப் பின்கதவு இருந்ததையும், அந்தக் கதவில் என் அம்மா நிற்பதையும் நான் யோசிக்கவேயில்லை.

அன்று காலை அண்ணை கொண்டுவந்த விளைமீனைப் பார்த்திருக்க வேண்டும். விடியப் பிடித்த உடன் மீன். கண் தெளிவாக, உடம்பு விறைப்பாக, ஐஸ் பெட்டியில் படுத்திருந்தது. அண்ணை பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தார். மறுபக்கம் மூடி போட்ட வாளியில் நான் வெயிலில் வைத்துப் பழுதாக்கிய சூடை மீன். (அதைக் கிணற்றடியில் வைத்திருந்த நாட்களில் அக்கம்பக்கத்துப் பூனைகள் எல்லாம் எங்கள் வேலியைச் சுற்றித் தவம் கிடந்தன. அம்மா என்னோடு கதைக்கவில்லை.) நான் நேரத்தோடு போய் மிசினைப் போட்டு, தகட்டைச் சூடாக்கி, மண்டபத்தின் சுத்தமான காற்றை அதற்குக் காட்டி, “இதுதான் பூச்சியம்” என்று பொத்தானை அமத்தி வைத்தேன். பச்சை லைட் எரிந்தது. பஸ்ஸரின் சுவிட்சை மட்டும் நிறுத்தி வைத்தேன். எல்லாம் திறம்.

விருந்தினர் வந்தார்கள். வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர். பன்னீர்ச் செம்போடு நின்றது அம்மா. வெறும் பன்னீராக இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேனோ என்னவோ. ஆனால் கொழும்புக் கம்பனிக்காரர் வருகிறார், பிள்ளையின் மிசின் அரங்கேறுகிறது, இதற்குக் கடைப் பன்னீர் காணுமா? சித்தி கனடாவிலிருந்து அனுப்பி, அலுமாரியில் நல்ல நாளுக்காகப் பூட்டி வைத்திருந்த ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர்ப் போத்தலை அம்மா அப்படியே செம்புக்குள் கவிழ்த்துவிட்டா. ஓடிக்கொலோனில் முக்கால்வாசிக்குமேல் மதுசாரம். வந்தவர் எல்லாருக்கும் தலையிலும் தோளிலும் தாராளமாகத் தெளித்தா. எனக்கும் முகத்துக்கு நேரே ஒரு வீசு. கண் எரிந்து, மூக்கு அடைத்து, பிறகு எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. தலைவர் என்னை மேடைக்கு இழுத்து மாலை போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அம்மா செம்போடு மேசையடிக்குப் போய், விசிறி சுற்றிக்கொண்டிருந்த துவாரத்துக்கு நேரே, செம்பில் மிச்சமிருந்த முழுவதையும் தெளித்திருக்கிறா. துளிகள் விசிறியிலும் பெட்டிச் சுவரிலும் தங்கிவிட்டன, தகட்டில் பட்டது அவற்றின் ஆவி மட்டும்.

உரைகள் முடிந்தன. (முடிந்தன என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.) சுவாமி சொன்ன சொல் தவறாமல் தூர நின்று கையை உயர்த்தினார். நான் அண்ணையின் விளைமீனை மேசையில் வைத்து, பெட்டியின் வாயை அதன் செவுளடிக்குக் கொண்டுபோய், சபையைப் பார்த்திருந்த லைட்டைக் கவனியாமலே பஸ்ஸரின் சுவிட்சைப் போட்டேன்.

கீ கீ கீ கீ.

சிவப்பு லைட். நான் மீனை அப்பால் தள்ளினேன். மிசின் கத்திக்கொண்டேயிருந்தது. என்ன கோளாறு என்று பார்க்கப் பிரதம விருந்தினர் குனிந்தார். இன்னும் பலமாகக் கத்தியது. உதவிக்குச் சுவாமி வந்தார், அவருக்கும் கத்தியது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: “சுவாமியும் பழுதாம்!” மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணை சிரிக்கவில்லை. அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அந்த நிமிடம் எனக்குச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. பூச்சியப் பொத்தானை அமத்தினேன். படித்த எவரும் செய்யக்கூடாத வேலை. ஓடிக்கொலோன் நிறைந்த காற்றைக் காட்டி, இதுதான் சுத்தமான காற்று என்று நானே அதற்குப் படிப்பித்துவிட்டேன். சத்தம் நின்றது. பச்சை லைட் எரிந்தது. நான் வீரமாகச் சூடை வாளியின் மூடியைத் திறந்தேன். முன் வரிசை முழுவதும் சேலைத் தலைப்பாலும் சால்வையாலும் மூக்கைப் பொத்தியது. ஒரு பெண் எழும்பி வெளியே ஓடினா. பெட்டியை வாளிக்குள்ளேயே இறக்கினேன்.

பச்சை. அசையாத பச்சை.

பெட்டிக்குள் இருந்த மதுசாரம் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. அதனால், சூடை எவ்வளவு நாறினாலும், காற்று நன்றாகிக்கொண்டு வருகிறது என்றுதான் மிசினுக்குத் தெரிந்தது. அண்ணையின் உடன் மீன் பழுது. கிணற்றடிச் சூடை முதல் தரம். இது என் தகட்டின் தீர்ப்பு. கம்பனிக்காரர் கைலேஞ்சியை மூக்கிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் அம்மாவின் கையில் வெறும் செம்பு தலைகீழாகத் தொங்குவதைக் கண்டேன்.

“ஆர் உதுக்குத் தெளிச்சது?” நான் கத்தினேன். சபை, சுவாமி, பிரதம விருந்தினர் ஒருவரையும் பார்க்கவில்லை. “ஆர் உந்த மிசினுக்குத் தெளிச்சதெண்டு கேக்கிறன்!”

அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. “நான்தான். வந்த எல்லாருக்கும் தெளிச்சனான். மிசினை மட்டும் சும்மா விட்டால் உனக்கல்லோ மரியாதைக் குறைவு?”

“அம்மா, அதுக்குள்ளை மதுசாரம் போனால்...”

“உனக்கு வாய் கூடிப்போச்சு. கனடாச் சாமான் அது, பிள்ளை!”

நான் சபைக்கு விளக்கம் சொல்ல வெளிக்கிட்டேன். குழாய், ஒட்சிசன், மதுசாரம், ஓட்டம். ஒருவர் காதிலும் ஏறவில்லை. தாயை நாலு பேருக்கு முன்னால் அதட்டிய பிள்ளை சொல்லும் விஞ்ஞானத்தை எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? கம்பனிக்காரர் எழும்பி, மிகவும் மரியாதையாக, “நாங்கள் பிறகு அறிவிக்கிறோம்” என்றார். இன்றுவரை அறிவிக்கவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம்தான். வாளிக்குள் இருந்தது நாறல் என்று அவருடைய சொந்த மூக்குக்கே தெரிந்தது. ஆனாலும் லைட்டைத்தான் நம்பினார்.

அண்ணை ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். அவருக்கு முன்னால் செய்தி போய்விட்டது. எந்த முதலாளிக்குச் செதிலும் இல்லை என்றாரோ, அதே முதலாளிதான் அங்கே நின்றாராம். “உன்ரை தங்கச்சியின்ரை மிசினே வேண்டாமெண்ட மீனை நான் என்னெண்டு தம்பி வாங்குறது?” பழைய விலையும் இல்லை. அன்றைக்கு அந்த மீனை ஒருவரும் தொடவில்லை. நாங்கள்தான் சாப்பிட்டோம். குழம்பு, பொரியல், சொதி, பிறகு கருவாடு. அவ்வளவு ருசியான விளைமீனை நான் அதற்கு முன் தின்றதில்லை.

வருவதாகச் சொல்லிவிட்டு வராமலிருந்த என் பேராசிரியர் அடுத்த நாள் டெலிபோனில் கதையைக் கேட்டுவிட்டு, “உம்முடைய தகடு இவ்வளவு பலமான சமிக்ஞையை இதுவரை தரவில்லையே, அந்தத் தரவை எடுத்து வைத்தீரா?” என்று கேட்டார். நான் எடுத்து வைக்கவில்லை. டெலிபோனைத்தான் வைத்தேன்.

அண்ணை முதலாளியிடமே திரும்பப் போனார். எப்படிப் போனார், என்ன சொல்லிப் போனார் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. என்னோடு கதைப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். நான் பக்கத்தில் நின்றாலும், “அம்மா, உவளைக் கொஞ்சம் அங்காலை நிக்கச் சொல்லுங்கோ” என்பார். முதலில் அழுதேன். பிறகு எனக்கும் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது யார்? ஆனாலும் ஒவ்வொரு நாளும் வள்ளம் கரைக்கு வந்த சத்தம் கேட்டபிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கியது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் என்னைப் பொம்பிளை பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பிள்ளை கம்பசிலை என்ன படிச்சவ?” என்று கேட்டா. எங்கள் வீட்டார் எல்லாரும் திடீரென்று தரையைப் பார்த்தார்கள். அம்மா பலகாரத் தட்டை எடுத்து நீட்டினா. மூலையிலிருந்து அண்ணையின் குரல் வந்தது.

“நல்ல மீனைப் பழுதெண்டும், பழுது மீனை நல்லதெண்டும் சொல்லப் படிச்சவ. அதுதான் மாப்பிளையைப் பாக்கிற வேலையை அவளிட்டை விடேல்லை. நாங்களே பாத்தனாங்கள்.”

வீடு சிரித்தது. மாப்பிள்ளை தேத்தண்ணியை மடியில் ஊற்றிக்கொண்டு சிரித்தார். நான் ஆத்திரத்தில் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்தியபிறகுதான் விளங்கியது, இத்தனை காலத்துக்குப் பிறகு என்னை வைத்து அவர் ஒரு பகிடி விட்டது அன்றைக்குத்தான் என்று. அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன். கோபம் மட்டும் போகவில்லை.

அந்த மாப்பிள்ளைதான் என் புருஷன். அவரோடு சண்டை பிடிக்கவும் எனக்கு வழியில்லை. “உங்களைப்போல ஒரு கூடாத மனுசனை நான் காணேல்லை” என்று நான் தொடங்கினால், “அப்ப நான் உடன் மீன்” என்று சந்தோஷமாகப் பேப்பரை விரிக்கிறார். நான் நல்லது என்று சொன்ன சேட்டை என் மகன் போடுவதில்லை. நான் கூடாது என்று சொன்ன சட்டையை மகள் ஓடிப்போய் எடுக்கிறாள்.

அண்ணை இப்போது முதலாளியை விட்டுவிட்டு, சந்தியில் தானே மேசை போட்டு விற்கிறார். சந்தைக்குப் போகும் வழியில் எங்கள் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்.

“மணந்து பார், தங்கச்சி. நீ பழுதெண்டால் விக்கக் கொண்டுபோறன். நல்லதெண்டால் உது விலைப்படாது, நீயே வைச்சிரு.”

தெருவில் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். எனக்கு உச்சி கொதிக்கும். “நல்ல மீன்தான்! காணுமோ?” என்று கத்துவேன். “ஐயோ, அப்ப ஆரும் வாங்கமாட்டினம்” என்று தலையிலடித்துக்கொண்டு, மீனைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கையில் எடுத்துப் பார்த்தால், அந்த நாள் அவர் பெட்டியில் இருந்ததிலேயே திறமான மீன் அதுவாகத்தான் இருக்கும். நான் ஆத்திரத்தோடேயே அதை வெட்டிக் கழுவிச் சமைக்கிறேன்.